பத்து வீட்டுத் தலைவரின் பெயர்

இது யார் கையில் கிடைத்தாலும் கும்பிட்டுக் கேட்கிறேன், வேறு யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக எங்கள் தாத்தாவிடம். சனிக்கிழமை பள்ளி விழாவில் நான் பேசுவதற்குத் தலைமையாசிரியை எழுதிக் கொடுத்த உரை வேறு. நான் பேசப்போவது இதுதான்.

மாண்புமிகு அவைத்தலைவரும், எங்கள் வீட்டு வரிசையின் பத்து வீட்டுத் தலைவரும், என் தந்தையைப் பெற்றவருமான பரம்பாமா அவர்களே! குடியுரிமைக் குழுவிலிருந்து வந்து முன்வரிசையை அலங்கரிக்கும் அதிகாரிகளே! புகையிலைக் காட்டிலிருந்து கால் கழுவவும் நேரமின்றி ஓடி வந்திருக்கும் தந்தையரே! முதுகில் ஒரு பிள்ளையும் மடியில் ஒரு பிள்ளையுமாகத் தரையில் அமர்ந்திருக்கும் தாய்மாரே! ஏழாம் வகுப்பு மாணவி புக்குருவின் வணக்கம்.

ஒருவர் இந்த நாட்டின் குடிமகனாக வேண்டுமென்றால் என்னென்ன தெரிய வேண்டும்? கொடியின் நிறங்கள் தெரிய வேண்டும். தீவும் பெருநிலமும் ஒன்றான நாள் தெரிய வேண்டும். சட்டம் இயற்றுவது யார், தீர்ப்புச் சொல்வது யார், தெரிய வேண்டும். இவை எல்லாம் தெரிந்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். அவர் பெயர் மிபுரோ. என் அம்மா. மூன்று வயதில், தன் தாயின் முதுகில் தூங்கியபடியே புருண்டியை விட்டுத் தான்சானியாவுக்கு வந்தவர். களி கிண்டிக்கொண்டே பாடம் கேட்பார். பீன்ஸ் பொறுக்கிக்கொண்டே ஒப்பிப்பார்.

போன வாரம் அவர் குழுவின் முன் நின்றார். கேள்வி கேட்டவர், இதோ முன்வரிசையில் வீற்றிருக்கும் ஷோமாரி ஐயா.

"கொடியில என்னென்ன நிறம்மா?"

"பச்சை, மஞ்சள், கறுப்பு, நீலம்."

"பலே! இப்ப ரொம்பச் சுலபமான கேள்வி. உங்க பத்து வீட்டுத் தலைவர் யாரு?"

அம்மா மாமரத்தடியைத் திரும்பிப் பார்த்தார்.

"பேருதாம்மா கேக்குறேன். சண்டை சச்சரவுன்னா யாருகிட்ட போவீங்க?"

"எங்க வீட்டுப் பெரியவருகிட்ட."

"எல்லா வீட்டுலயும்தான் பெரியவர் இருக்காரு. பேரு?"

"அதோ, மாமரத்தடியில தொப்பி போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரே, அவருதான்."

"தாள்ல தொப்பின்னா எழுதுறது? தலைவர் பேரே தெரியல, குடியுரிமை வேணுமாம்! நேத்துதான் எல்லை தாண்டி வந்தியா?"

வரிசையில் நின்ற பெண்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. எங்கள் வழக்கத்தில் மருமகள் மாமனாரின் பெயரை உச்சரிப்பதில்லை. அங்கு நின்ற ஒவ்வொருத்தி நாவிலும் ஒரு பெயர் பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டு நியாபெண்டா அத்தைதான் பொறுக்காமல் சொன்னார்.

"அது அவ மாமனாரு பேருய்யா. சொன்னா நாக்கு அழுகிப்போயிடும்."

"நாக்கு அழுகினா மருந்து இருக்கு. விடை தெரியலைன்னா எங்கிட்ட மருந்து இல்ல. திங்கட்கிழமை கடைசித் தடவை. வரச் சொல்லுங்க."

திங்கட்கிழமையும் விடை வராவிட்டால் என்ன ஆகும்? எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சான்று கிடைக்கும். அம்மா மட்டும் எல்லைக்குப் போகும் லாரியில் ஏற வேண்டும். அங்கே அவருக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை.

அன்று மாலை என்ன நடந்தது? சோளக் கள்ளுப் பானையைச் சுற்றி ஆண்கள் அமர்ந்திருந்தார்கள். கள் உறிஞ்சும் நீண்ட குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டு நம் அவைத்தலைவர் முழங்கினார்:

"பாத்தீங்களாடா என் மருமகளை? நாடே போனாலும் என் பேரு அவ வாயில வரல. உங்க வீட்டுல இருக்காளா இப்படி ஒருத்தி?"

"அப்ப அவ லாரி ஏறட்டும்ங்கிறீங்களா பெரியவரே?" என்றார் நியாபெண்டா அத்தை.

"மரியாதையோட ஏறட்டும்."

(இந்த இடத்தில் ஆண்கள் பக்கம் சத்தம் எழும். எழட்டும். தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர வேண்டும். குரல் நடுங்காமல் வருகிறதா என்று இனி வரும் பகுதியை மட்டும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன்.)

ஏன் ஐயா சத்தம் போடுகிறீர்கள்? வழக்கத்தை மீறச் சொன்னேனா? சொல்லவில்லை. சொன்னாலும் அம்மா மீற மாட்டார். ஷோமாரி ஐயாவைக் கேள்வியை மாற்றச் சொன்னேனா? அதுவும் இல்லை. அவரும் மாற்ற மாட்டார். வழக்கம் மாறாது, கேள்வி மாறாது. அப்படியானால் மாறக்கூடியது எது?

விடை! விடையை மாற்றலாம் பெரியோர்களே!

மாமனார் என்பது உறவு. அது சாகும்வரை தொடரும். தலைவர் என்பது பதவி. அது பத்து வீட்டார் கொடுத்தது. கொடுத்ததைத் திருப்பித் தரலாம் என்றுதானே நம் குடிமைப் பாடம் சொல்கிறது? அரசர் இறங்க மாட்டார். ஆண்டவன் இறங்க வேண்டியதில்லை. தலைவர் இறங்கலாம்! இறங்கினால் தலை போய்விடாது, தொப்பிகூட விழாது!

அவைத்தலைவர் அவர்களே, திங்கட்கிழமைக்கு முன் பதவி விலகுங்கள். இந்த மேடையிலேயே விலகுங்கள். பத்து வீட்டுக்கும் நியாபெண்டா அத்தை தலைவராகட்டும். அம்மா பொய் சொல்ல வேண்டாம், வழக்கத்தையும் மீற வேண்டாம். கேட்டதும் பளிச்சென்று ஒரு பெயரைச் சொல்வார். உங்கள் பெயர் அவர் வாயில் வராமலே இருக்கும். அவரும் வீட்டிலேயே இருப்பார்.

பொறுமையாகக் கேட்ட தாய்மாருக்கு நன்றி. பொறுமையின்றிக் கத்திய தந்தையருக்கும் நன்றி. அதிகாரிகளுக்கு வணக்கம். விடைபெறுமுன், தாத்தா, உங்களிடம் மட்டும் ஒரே ஒரு

தாத்தா கதவைத் தட்டுகிறார்.

"புக்குரு! கதவைத் தொற. நான் எதுலேருந்து இறங்கணும்? இன்னொரு தடவை சொல்லு."