பதினேழு, உண்டு

கௌசல்யா, அந்தத் தாளை மடித்து உள்ளே வை. நம் மியூசியம் நண்பர்கள் குழுவுக்கு நீ செயலாளராகி இரண்டு மாதம்தான் ஆகிறது. உற்சாகம் இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். நாளைக் காலை பஸ் கிளம்பும்போது தலையை எண்ணு. இரண்டு தடவைகூட எண்ணு. ஆனால் ஆளுக்கொரு நம்பர் கொடுத்து, நீ கூப்பிட, அவர்கள் பதில் சொல்ல... அது வேண்டாம்.

சிரிக்காதே செல்வின். கரண்ட் போய் முக்கால் மணி நேரமாகிறது. இந்தப் பொன்முடி மலையில் இனி விடிந்தால்தான் வரும். எல்லோரும் மெழுகுவர்த்திப் பக்கம் வந்து உட்காருங்கள். பிரிஸில்லா ஏழரை மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு, ஜீப் பிடித்து ஊருக்கு இறங்கிப் போனாளே... ஏன் விஜயம் அக்கா, ஏன் என்று என்னைத் துளைத்து எடுத்தீர்களே. சொல்கிறேன். அவளுடைய சித்தி விஷயம்.

போன வருஷம் ஜூலை. சனிக்கிழமை. மாலை ஆறே முக்கால் மணி.

நெய்யாற்றின்கரை தாண்டி உள்ளே போகிற ஒரு ரோடு. இரண்டு பக்கமும் ரப்பர் மரம். பஸ் போனால் எதிரே சைக்கிள் வர முடியாது. மழை விட்டிருந்தது, மரம் விடவில்லை... டப், டப் என்று பஸ் கூரையில் சொட்டிக்கொண்டே இருந்தது. அந்த ரோடு முடிகிற இடத்தில் ஒரு பழைய வீடு. பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் செல்வின் நாளைக்கே பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான்.

அந்த வீட்டுக் கூடத்தில் ஒரு சுவர் ஓவியம். ஒரு பக்கம் பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. அதைச் சரிசெய்யப் பணம் திரட்டத்தான் அந்தப் பயணம். நம் குழுவின் வழக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே. டிக்கெட் போட்டு, பஸ் பிடித்து, புளிசாதம் கட்டிக்கொண்டு போய், படம் பார்த்துவிட்டு வருவது. முப்பத்திரண்டு பேர். எனக்கு அன்றைக்குப் பல்வலி, நான் போகவில்லை. பிரிஸில்லா போனாள். ஏற்பாடு முழுக்க அவள் சித்தி, ஜெபமலர் டீச்சர்.

டீச்சர் என்றால் டீச்சர்தான். முப்பது வருஷம் வகுப்பில் வருகைப் பதிவு எடுத்த வாய். ரிட்டயர் ஆன பிறகும் விடவில்லை. பயணத்துக்கு வருகிறவர்களின் சட்டையில், சேலையில், துணித் துண்டில் எழுதிய நம்பரைக் குத்திவிடுவார். பஸ்ஸின் முன்னால் நின்று வரிசையாகக் கூப்பிடுவார். கூப்பிட்டவர் "உண்டு" என்று சொல்ல வேண்டும். டாக்டராக இருந்தாலும் சரி, ஜட்ஜாக இருந்தாலும் சரி, "உண்டு". முப்பத்திரண்டு "உண்டு" வராமல் சக்கரம் உருளாது.

இது வெறும் கண்டிப்பு இல்லை. இதற்குள் ஒரு ரகசியம் இருந்தது. அவருடைய கணவர் தங்கையன் அங்கிளுக்கு நினைவு நழுவத் தொடங்கியிருந்தது.

அங்கிளை யாராவது பார்த்திருக்கிறீர்களா? சர்ச்சில் பாடுகிறவர். அடிவயிற்றிலிருந்து வரும் கனத்த குரல். கரமனையில் அவர் வீட்டில் பாடினால் தெருமுனை டீக்கடையில் கேட்கும். அந்த மனிதர், சாப்பிட்டு எழுந்தவுடன் "சோறு ஆச்சா?" என்று கேட்க ஆரம்பித்திருந்தார். இது குழுவுக்குத் தெரிந்தால் பயணத்தில் சேர்க்க மாட்டார்கள். கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டியவர்களை அழைத்து வரக்கூடாது என்பது நம் விதி. டீச்சருக்கோ அவரை வீட்டில் பூட்டிவிட்டு வர மனமில்லை.

அதனால் அவருக்கு ஒரே ஒரு வார்த்தையைப் பழக்கினார். தினமும் இரவு எட்டு மணிக்கு, மாத்திரை கொடுக்கும்போது, "பதினேழு?" என்பார். அங்கிள் "உண்டு" என்பார். பதினேழு அவர் நம்பர். அடுத்தது, பதினெட்டு, டீச்சருடைய நம்பர். பஸ்ஸில் அதையும் டீச்சரே கூப்பிட்டு "நான் உண்டு" என்று அவரே பதில் சொல்லிக்கொள்வார். அப்போதெல்லாம் பஸ்ஸில் சிரிப்பு கிளம்பும்.

தன் பக்கத்தில் உட்கார்ந்தால் எல்லோரும் அவரைக் கவனிப்பார்கள் என்று, அங்கிளைக் கடைசி சீட்டில், சாப்பாட்டுக் கூடைகளோடு உட்காரவைத்தார். அவருக்கு முன் சீட்டில் பிரிஸில்லா. பிரிஸில்லாவுக்கும் அங்கிளின் மறதி தெரியாது. சொந்த அக்கா மகளிடமே மறைத்திருக்கிறார்! எனக்கு இப்போதும் டீச்சர் மேல் கோபம் வருவது இந்த ஒரு இடத்தில்தான்.

சரி. அந்த ஓவியம். அது ஒரு பந்தி. வரிசையாக ஆட்கள் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். முன்னால் இலை, இலையில் சோறு. எல்லோரும் குனிந்து சாப்பிடுகிறார்கள். கடைசியில் ஒரு இலை. அதற்கு மட்டும் ஆள் இல்லை.

அங்கிள் அந்த இலைக்கு எதிரே நின்றுவிட்டார். "இந்த எலைக்கு ஆளு வரல்லியா?" என்று கேட்டார்.

வீட்டைப் பார்த்துக்கொள்கிற தாணுமாலையன் சிரித்தான். "வரும், வரும்... கூப்பிட்டா வரும்."

அங்கிள் மறுபடியும் அதையே கேட்டார். மூன்றாவது தடவை கேட்பதற்குள் டீச்சர் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

மாலையில் திடீரென்று கனமழை. எல்லோரும் தலையில் பையை வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்கள். மழை விட்டபோது இருட்டிவிட்டது. பஸ்ஸின் உள்விளக்கு எரியவில்லை. முகம் தெரியாது. ஈரத் துணி வாடை, புளிசாத வாடை. டீச்சர் முன்னால் நின்று கூப்பிட ஆரம்பித்தார்.

பதினைந்து... உண்டு. பதினாறு... உண்டு.

பதினேழு.

கொஞ்சம் தாமதம். பிறகு, கடைசி சீட்டிலிருந்து, கனத்த குரலில்... "உண்டு."

பிரிஸில்லாவின் பின்கழுத்தில் அந்த மூச்சு பட்டதாம். சில்லென்று இருந்ததாம். மழையில் நனைந்திருக்கிறார் சித்தப்பா என்று நினைத்துக்கொண்டாள். முப்பத்திரண்டு ஆனது. டிரைவர் ரதீஷ் வண்டியை எடுத்தான்.

எட்டு மணிக்கு டீச்சர் மாத்திரையோடும் தண்ணீர் பாட்டிலோடும் பின்னால் வந்தார். செல்போன் விளக்கை அடித்தார்.

சீட்டில் யாரும் இல்லை. கூடைகள் மட்டும்.

"சித்தப்பா இப்பதான... பேசினாங்களே சித்தி!" என்று பிரிஸில்லா எழுந்தாள். டீச்சர் சீட்டைத் தொட்டுப் பார்த்தார். ரெக்சின் நனைந்திருந்தது. விரலை மூக்கருகே கொண்டுபோனார். மழைத் தண்ணீர் வாடை இல்லை. பழைய சுண்ணாம்பு வாடை.

அப்போதுதான் டீச்சர் முப்பது பேருக்கு நடுவே தலையில் அடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். "அவியளுக்கு ஒண்ணும் ஓர்மையில்ல. எம்பேரே மறந்து போவாவ. நான்தான் மறைச்சேன்... நான்தான் மறைச்சேன்..."

ரதீஷ் பிரேக் போட்டான். அந்தக் குறுகிய ரோட்டில் எப்படித்தான் திருப்பினானோ, திருப்பினான்.

வீட்டை அடையும்போது ஒன்பது மணி ஆகப் போகிறது. பின்பக்கக் குளத்தில் தவளைச் சத்தம் காதைப் பிளந்தது. டீச்சரும் பிரிஸில்லாவும் படியில் கால் வைத்தார்கள்... தவளைகள் ஒரேயடியாக நிறுத்திக்கொண்டன. தாணுமாலையன் வந்து பூட்டைத் திறந்தான். பூட்டு வெளியிலிருந்து போட்டது, ஆறரைக்கே போட்டேன், உள்ளே யாரும் கிடையாது என்று சத்தியம் செய்தான்.

அங்கிள் உள்ளேதான் இருந்தார்.

சுவரை ஒட்டி, அந்தக் கடைசி இலைக்குக் கீழே, சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். நனைந்திருக்கவில்லை. சட்டையில் நம்பர் குத்தியபடியே இருந்தது. அவருக்கு முன்னால் தரையில் தண்ணீர் தெளித்திருந்தது, இலை போட்டதும் தெளிப்போமே, அப்படி. இலை இல்லை.

"இஞ்ச பாருங்க... நான் வந்துட்டேன்... எந்திரிங்க" என்றார் டீச்சர். அங்கிள் அவரைப் பார்த்தார். அடையாளம் தெரிந்தது. கண் கலங்கியது. வாயைத் திறந்தார். உதடு அசைந்தது, தொண்டை அசைந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

பிரிஸில்லா டார்ச்சை மேலே தூக்கிச் சுவரைப் பார்த்தாள். மதியம் எல்லோரும் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள் இல்லையா? இப்போது ஒருவர் முகம்கூடக் குனிந்திருக்கவில்லை என்கிறாள். பயத்தில் அப்படித் தோன்றியிருக்கலாம். நான் அவளிடம் அப்படித்தான் சொன்னேன்.

பஸ்ஸுக்குத் திரும்பினார்கள். இந்தத் தடவை அங்கிளை முன் சீட்டில், டீச்சர் தன் பக்கத்தில் உட்காரவைத்துக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கிளம்ப வேண்டியதுதானே? யாரோ ஒரு புத்திசாலி, "டீச்சர், ஒரு தடவை நம்பர் கூப்பிட்டுருங்க, பின்னெயும் ஆரும் விட்டுப் போயிடக் கூடாது" என்றார். டீச்சர் உட்கார்ந்தபடியே கூப்பிட்டார்.

பதினேழு.

அங்கிள் வாயை மூடிக்கொண்டு டீச்சர் தோளில் சாய்ந்திருந்தார்.

"உண்டு."

கடைசி சீட்டிலிருந்து.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிரிஸில்லா கடைசிக்கு முந்தைய சீட்டில் இருந்தாளே, அவளும் திரும்பவில்லை. டீச்சர் பதினெட்டைக் கூப்பிடவே இல்லை. "டீச்சரே, ஒண்ணும் மிண்டண்டா", வாயே திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு ரதீஷ் எடுத்த வண்டியைக் கரமனைப் பாலத்தில்தான் நிறுத்தினான்.

இதோடு முடிந்திருந்தால் நான் உங்களுக்குச் சொல்லியிருக்கவே மாட்டேன்.

அதற்குப் பிறகு அங்கிள் பேசவில்லை. ஒரு வருஷம். காட்டாத டாக்டர் இல்லை. தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்றார்கள். சாப்பிடுவார், உட்காருவார், டீச்சர் எங்கே போனாலும் கண்ணாலேயே பின்தொடர்வார். அவ்வளவுதான். நாற்பது வருஷம் அந்தக் குரலோடு வாழ்ந்தவர் டீச்சர். வீடு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

போன செவ்வாய்க்கிழமை அவரைப் பார்க்கப் போனேன். இந்தப் பயணத்துக்கு வாருங்கள், உங்கள் இரண்டு பேரையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று கூப்பிடத்தான் போனேன். டீச்சர் டீ கொடுத்தார். நன்றாக மெலிந்திருந்தார். அங்கிள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார். எட்டு மணி அடித்தது. டீச்சர் மாத்திரையை அவர் கையில் வைத்தார். என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். பிறகு, அங்கிளைப் பார்க்காமல், பின்னறைப் பக்கம் திரும்பிக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்.

"பதினேழு?"

பின்னறை பூட்டியிருந்தது. பெரிய பித்தளைப் பூட்டு. நான் என் கண்ணால் பார்த்தேன்.

"உண்டு."

அங்கிளின் குரல். சர்ச்சில் கேட்ட அதே குரல். அங்கிளோ என் எதிரே உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். என் டம்ளர் நழுவி விழுந்தது.

"எதுக்குப் பயப்படுக? அவியளுக்க சத்தம்தானே பிள்ளே" என்றார் டீச்சர். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அதைப் பார்க்கத்தான் எனக்கு உண்மையில் பயமாக இருந்தது. "தெனமும் இந்த ஒரு வார்த்தை கேட்டாப் போதும் எனக்கு. அதக் கேட்டுட்டுத்தான் ஒறங்குவேன்."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பப் போனேன். அப்போது பின்னறையிலிருந்து அதே குரல், ஒரு கேள்வி மாதிரி, பொறுமையாக...

"பதினெட்டு?"

டீச்சர் சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கண் மட்டும் நிறைந்தது. அங்கிள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"ஓணத்திலேருந்து இப்படித்தான் கேக்காவ" என்றார் டீச்சர், உள்ளே அந்தக் குரல் அடங்கிய பிறகு. "எத்தற நாளைக்கு, விஜயம், நான் பதில் பேசாம இருப்பேன்? அங்க தனியால்லா இருக்காவ."

வேறு வீட்டுக்குப் போய்விடுங்கள் என்று கெஞ்சினேன். பிரிஸில்லாவிடம் சொன்னேன். இந்தப் பயணம் முடிந்ததும் இரண்டு பேரையும் அவள் கழக்கூட்டம் ஃபிளாட்டுக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு.

இன்று மாலை ஏழேகால். இங்கே சிக்னல் இருந்தது. மனசு கேட்காமல் டீச்சரைக் கூப்பிட்டேன். மூன்றாவது மணியில் போனை எடுத்தார்கள்.

"ஆரு? விஜயமா? சொல்லு மக்களே."

அங்கிள்! ஒரு வருஷம் வாய் திறக்காதவர். அதே கனத்த குரல். என் பெயர்கூட நினைவிருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பொய் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற பிரிஸில்லாவுக்குக் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"டீச்சர் எங்க அங்கிள்?"

"இங்கதான். பின் ரூமில இருக்கா. கூப்பிடட்டா?"

பின்னாலிருந்து தண்ணீர் தெளிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. நான் வேண்டாம் என்று சொல்வதற்குள், அவர் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை.