அழாத பிள்ளையை ஐயுற்ற அம்மைக்கு

மாடிமேல் மாடி எழும் மைசூரு மாநகரில், மண்ணும் கல்லும் சுமக்கும் மக்களின் மழலையரைக் காத்துவரும் அரும்பகம் பிள்ளைக் காப்பகங்களின் மேற்பார்வையாளராய் முப்பத்தோராண்டு முறையுறப் பணியாற்றி, இன்று விடைபெறுபவரும், எவர் சொல்லையும் எளிதில் நம்பாத ஏந்தலும், ஐயமே அணியாய் அன்பே அதன் உள்ளீடாய்க் கொண்டவருமாகிய திருமதி உமாதேவி அம்மையார் அவர்களின் திருமுன்னர், ஆயாக்களும் ஆசிரியைகளும் சமையலரும் கூடிப் படித்தளிக்கும் மடல்.

ஐயம் தீரா அம்மையே!

இம்மடலையும் தாங்கள் சந்தேகிப்பீர்கள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, 'இத்தனை இனிப்பாய் எழுதியிருக்கிறார்களே, எதை மறைக்கிறார்கள்?' என்று இந்நேரம் எண்ணத் தொடங்கியிருப்பீர்கள். எண்ணுங்கள்! நாங்களும் உங்களிடம் படித்தவர்கள்தாம். ஓய்வு பெறுகிறேன் என்று தாங்கள் சொல்வதை எங்களில் ஒருவர்கூட முழுதாய் நம்பவில்லை. வருகிற திங்கட்கிழமை தகரக் கதவுக்குப் பின்னால் நிழல் ஆடினால், சமையல்காரி சென்னம்மா உப்புமாவை இறக்கி வைத்துவிட்டுத்தான் யாரென்று கேட்பாள்.

எதையும் எளிதில் ஏற்காத எம் தலைவியே!

தெருமுனையிலேயே ஸ்கூட்டரை அணைத்து உருட்டிக்கொண்டு வருவீர்கள், ஓசை கேட்டு நாங்கள் ஒழுங்காகிவிடுவோம் என்று. முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்க்காமல் வேகவைக்க விட்டதில்லை. பிள்ளைக்கு முன்னால் தாங்கள் ஒரு வாய் உண்ணாமல் தட்டு நகர்ந்ததில்லை. பால் கொடுக்கப் போன தாயை மேஸ்திரி முறைத்தார் என்று கேள்விப்பட்டால், அவர் கட்டடத்தின் எத்தனையாவது மாடியில் இருந்தாலும் சாரத்தில் ஏறிப்போய்க் கேட்டுவிட்டு வருவீர்கள். ஆயா ஒருத்தி, "உடம்பு நல்லாத்தான் இருக்கு மேடம்" என்றால் நம்பாமல் நெற்றியைத் தொட்டுப் பார்த்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அன்று முழுக்கத் தாங்களே பிள்ளைகளுக்குக் கால் கழுவி விட்டிருக்கிறீர்கள். எல்லாம் சரியாய் இருக்கிறது என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு எங்கள் பாடு திண்டாட்டம்தான்!

இத்தகைய குணங்களை அடுக்கிக்கொண்டே போகலாம். அடுக்கினால் தாங்களே நடுவில் எழுந்து, "சும்னே சொல்லாதீங்க, விஷயத்துக்கு வாங்க" என்று உங்கள் கன்னடத் தமிழில் சொல்வீர்கள். ஆகவே விஷயத்துக்கு வருகிறோம். விஷயம் ஜோதிமணி.

ஜோதிமணி மார்டள்ளி என்னும் ஊர்க்காரி. நஞ்சன்கூடு சாலையில் அடுக்குமாடி எழுந்த இடத்தில் நம் காப்பகத்து ஆயா. அங்கே பிள்ளைகள் சத்தமே போட மாட்டார்கள். பார்க்க வந்த பெரிய மனிதர்கள் எல்லாம் கோயில்போல் இருக்கிறது என்று கைகூப்பிவிட்டுப் போனார்கள். ஜோதிமணிக்குப் பெருமை பிடிபடவில்லை. அங்கே ஒரு வழக்கம் இருந்தது. அன்று முழுவதும் அழாத பிள்ளைக்கு மாலையில், தாயின் கையில் ஒப்படைக்கும்போது, சட்டையில் தங்கத்தாள் நட்சத்திரம் ஒன்று ஒட்டுவார்கள். பெங்களூரில் ஏதோ பயிற்சிக்குப் போய்வந்து அதைத் தொடங்கியவர் தாங்கள். ஸ்டார் மின்னும் சட்டையோடு பிள்ளை, தொழிலாளர் குடியிருக்கும் தகர ஷெட்டுக்குப் போவதைத் தாய்மார்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்தக் கோயில் அமைதி உங்களுக்கு மட்டும் பிடிக்கவில்லை. அதிலும் மனிஷா. ரெண்டரை வயது. தூங்கிக்கொண்டே வருவாள், சாப்பாட்டுக்குச் சொருகிய கண்ணோடு எழுவாள், மறுபடி படுத்துவிடுவாள். குழந்தையைக் கன்னடத்தில் 'கூசு' என்றே சொல்லும் தாங்கள் ஒருநாள் கேட்டீர்கள்:

"ஏன் ஜோதிமணி, இந்தக் கூசு எப்பப் பார்த்தாலும் தூங்கிட்டே இருக்கே?"

"சமத்துப் புள்ளைங்க மேடம். அழுகவே அழுகாதுங்க. தெனமும் ஸ்டார்தானுங்க."

"ரெண்டரை வயசுக்கு என்ன சமத்து? அதுக்கு என்ன குடுக்கிறே, சொல்லு."

அந்த ஒரு கேள்வியில் ஜோதிமணிக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. "நானாங்க? எம் புள்ளையாட்டம் பாத்துக்கறனுங்க!" என்றாள். தாங்கள் நம்பவில்லை. அவளது பையை வாங்கிப் பாயில் கொட்டினீர்கள். சீப்பு, பஸ் பாஸ், சாப்பாட்டு டப்பா, தலைவலித் தைலம். தைலத்தைத் திறந்து முகர்ந்தும் பார்த்தீர்கள், சென்னம்மா பார்த்துக்கொண்டிருக்க! ஒன்றுமில்லை என்று ஆனபிறகும், "சரி, எடுத்து வை" என்றீர்களே தவிர, முகம் மாறவில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சாயங்காலத்துக்குள் ஷெட் முழுக்கப் பேச்சாகிவிட்டது, ஆயா ஏதோ கொடுத்துத் தூங்க வைக்கிறாளாம் என்று. மறுநாள் ஒருத்தி தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். குழாயடிக்கு ஜோதிமணி போனால் பேச்சு நின்றது. இந்தப் பெயரோடு வேலை போனால் மைசூரில் எந்தப் பிள்ளையையும் அவள் கையில் கொடுக்க மாட்டார்கள், மார்டள்ளியிலும் தலைநிமிர முடியாது. அவளுக்கும் சந்தேகம் பிடித்தது. பால்மாவைச் சந்தேகித்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். சென்னம்மாவைச் சந்தேகித்து அடுப்படியிலேயே நின்றாள். சென்னம்மாவோ காதருகே வந்து, "மேடத்துக்கு வேற ஆளு யாரோ இருக்காங்க போல, உன்னைத் தள்ளிட்டு அவங்களை வைக்கப் பாக்கறாங்க" என்றாள். அன்று முதல் ஜோதிமணி உங்களையும் சந்தேகித்தாள். ஆம் அம்மையே, வெறுத்தாள் என்றே சொல்லலாம்.

இந்த வயிற்றெரிச்சலோடுதான் அவள் உங்களிடம் வந்து சொன்னாள்: "நீங்களே வந்து உக்காருங்க மேடம். நான் ஒரு சொட்டுத் தண்ணி தரல. காலையில புள்ளைங்க வரதுக்கு முன்னாலயே வந்து உக்காந்து பாருங்க. அப்புறம் யாரைக் குத்தவாளின்னு சொல்லோணுமோ சொல்லுங்க."

வந்தீர்கள். பிறர் வருமுன் வந்து, வாசலருகே சிமெண்ட் மூட்டைமேல் அமர்ந்தீர்கள். ஒவ்வொரு பிள்ளையாய் உள்ளே போனது. மனிஷாவை அவளது தாய் மீனா தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். தருமபுரிப் பக்கத்துப் பெண், பக்கத்துக் கட்டடத்தில் சித்தாள். பிள்ளையின் தலை துவண்டு தொங்கியது. ஜோதிமணி வாங்கிக்கொண்டு பெயர் சொல்லி அழைத்தாள். பாதத்தைச் சுரண்டினாள். கன்னத்தைத் தட்டினாள். பிள்ளை இமையைக்கூட அசைக்கவில்லை. வாயருகே மூக்கை வைத்தவள் சட்டென்று நிமிர்ந்து, பிள்ளையை அப்படியே உங்கள் முகத்தருகே நீட்டினாள். இனிப்புக் கலந்த மருந்தின் வாடை. நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டீர்கள், பிறகு இருவரும் மீனாவைப் பார்த்தீர்கள்.

"என்னம்மா குடுத்தே?"

"ஒண்ணும் குடுக்கல மேடம்... சளி மருந்துதான். தெனம் ஒரு மூடி. இன்னிக்கி ரொம்ப சிணுங்குச்சு, ரெண்டு மூடி ஊத்திட்டேன்."

"சளியே இல்லாத புள்ளைக்கு எதுக்குடி சளி மருந்து?" என்று கத்தியவள் ஜோதிமணி.

மீனா அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "ஸ்டார் வாங்காத புள்ளைங்கள அனுப்பிருவாங்கன்னு ஷெட்ல சொன்னாங்க. அனுப்பிட்டா நான் எங்க வெப்பேன் அக்கா? உசரத்துல சென்ட்ரிங் பலகை மேலயா? போன சைட்ல எங்க பக்கத்து ஷெட்டுப் புள்ள தண்ணித் தொட்டில..."

அம்மையே! அந்நேரம் தாங்கள் அவளை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஆட்டோவை நிறுத்தி, பிள்ளையோடு மூவருமாய் அரசு மருத்துவமனைக்குப் பறந்தீர்கள். வழியெல்லாம் ஜோதிமணி பிள்ளையின் மூக்கருகே விரலை வைத்தபடியே இருந்தாள், மூச்சு வருகிறதா என்று. உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். வெளியே பெஞ்சில் காத்திருப்பு. மீனா சாமிகளையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

தாங்கள் மெல்லக் கேட்டீர்கள்: "அந்த ஸ்டாரை யாரு கொண்டு வந்தா ஜோதிமணி?"

தெரியாமலா கேட்டீர்கள்? ஜோதிமணி நினைத்திருந்தால் மழுப்பியிருக்கலாம். மழுப்பவில்லை.

"நீங்கதானுங்க மேடம்."

தலையசைத்தீர்கள். எல்லோரையும் துருவித் துருவிப் பார்த்த கண்கள் தரையைவிட்டு எழவில்லை. நேரம் போனது, உள்ளிருந்து ஒரு தகவலும் இல்லை. செவிலியர் ஒருவர் அவசரமாய்ப் போனார், அவசரமாய் வந்தார். தன் பெயர் போனால் போகட்டும், குற்றவாளி என்றே ஊர் சொல்லட்டும், இந்தப் பிள்ளை கண் விழித்தால் போதும் என்று ஜோதிமணி வேண்டிக்கொண்டது அந்தப் பெஞ்சில்தான்.

அப்போது கேட்டது அழுகை. சிணுங்கல் அல்ல, ஆஸ்பத்திரிக் கூரையே பெயர்கிற அலறல்! மீனா விழுந்து எழுந்து ஓடினாள். தாங்களும் ஓடினீர்கள். கட்டிலருகே நின்று, கண்ணீர் கண்ணாடிக்குள் வழிய, "அழு கூசே, நல்லா அழு, இன்னும் அழு" என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். மருத்துவர் திகைத்துப்போய் ஜோதிமணியைப் பார்த்தார். அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது அவள் கையைப் பிடித்துச் சொன்னீர்கள்: "உன்னைச் சந்தேகப்பட்டது என் வேலை. அதுக்கு நான் வருத்தப்பட மாட்டேன். என்னைக் கடைசியில சந்தேகப்பட்டேன் பாரு, அதுக்குத்தான் வெட்கமா இருக்கு."

மறுநாள் ஷெட் ஷெட்டாய் ஏறி இறங்கினீர்கள். ஜோதிமணியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "இவ மேல ஒரு தப்பும் இல்லை. தப்பு என்னோடது. எந்தப் புள்ளையையும் அழுததுக்காக அனுப்ப மாட்டோம்" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னீர்கள். கூட்டிக்கொண்டு போன பிள்ளை திரும்பி வந்தது. மனிஷா வாரம் முழுக்க அழுது தீர்த்தாள், அவள் பங்குக்கு மற்றவர்களும். நட்சத்திரத்தாள் போன இடம் தெரியவில்லை. அதற்குப் பதிலாய் ஒரு புது வழக்கம் வந்தது. மாலையில் பிள்ளையை ஒப்படைக்கும்போது, அது இன்று எப்போது அழுதது, எதற்கு அழுதது, யார் தூக்கியதும் ஓய்ந்தது என்று தாயிடம் சொல்லியே அனுப்ப வேண்டும். அழவே இல்லை என்றால், அதை முதலில் சொல்ல வேண்டும்.

இம்மடலில் கையெழுத்துக் கேட்டுப் போனபோது ஜோதிமணி சொன்னாள்: "பைய கொட்டுனதையும் எழுதுங்க. தைலத்த மோந்து பாத்ததையும் எழுதுங்க. இல்லீன்னா நான் போடமாட்டேன்." எழுதிவிட்டோம். கோபம் முழுதாய்ப் போகவில்லை என்பதையும் அவள் சொல்லச் சொன்னாள். ஆனால் சொல்லி முடித்துவிட்டு, உங்களுக்குப் போட வேண்டிய மாலையைத் தானே தேவராஜா மார்க்கெட்டுக்குப் போய் முகர்ந்து பார்த்து வாங்கி வந்தவளும் அவள்தான்.

அருமை அம்மையே!

நோயற்ற வாழ்வும் நொடியற்ற நாளும் நும்பால் நிலைக்க! சாமுண்டி மலை இருக்குமட்டும் நும் சந்தேகம் செழிக்க! பேரும் பிள்ளையும் சூழப் பெருவாழ்வு வாழ்க என வாழ்த்தி விடைதருகிறோம்.

இன்னும் ஒன்றே ஒன்று. இம்மண்டபத்தின் பின்வரிசையில் பிள்ளைகளோடு தாய்மார்கள் அமர்ந்திருக்கிறார்கள். இதைப் படிக்கும்போது எப்படியும் ஒரு பிள்ளை அழும். அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போக எவரும் எழ வேண்டாம். கதவருகே ஜோதிமணி நிற்கிறாள், விடமாட்டாள். படிப்பவர் அந்த இடத்திலேயே மடலை நிறுத்திவிட்டு, பிள்ளைக்கு என்ன என்று முதலில் போய்ப் பார்க்க வேண்டும். உமாதேவி மேடத்தைப் பற்றிய புகழ்ச்சி காத்திருக்கும்.

என்றும் தங்கள் ஐயத்திற்கு ஆளாகக் காத்திருக்கும்,
அரும்பகம் பிள்ளைக் காப்பகப் பணியாளர்கள், பெற்றோர்கள்,
மைசூரு.