கண்ணாடி ஏரிக்குக் கிடைத்த கேடயம்

அன்பும் பண்பும் அணிசெய்ய அமர்ந்திருக்கும் அவைத்தலைவர் அவர்களே, முன்வரிசையை முழுதாய் நிறைத்திருக்கும் மூத்தோர்களே, பிள்ளையை மடியிலும் பொறுமையை மனத்திலும் தாங்கி வந்திருக்கும் தாய்மார்களே, பின்னால் நின்று என்னைப் பார்த்துச் சிரிக்கும் தம்பிமார்களே, வணக்கம்.

எட்டாம் வகுப்போடு நான் படிப்பை நிறுத்தவில்லை. என் அறிவைக் கண்டு மிரண்டுபோய் ஒன்பதாம் வகுப்புதான் என்னை உள்ளே விடவில்லை. ஆனாலும் இயந்திரம் ஓட்டுவதில் என்னை மிஞ்ச எவர் உண்டு? ஏரியை மூடிய ஆகாயத்தாமரையை அள்ளச் சொன்னீர்கள். அள்ளினேன். அதோடு நின்றேனா? கரையோரக் கோரையை அள்ளினேன், நாணலை அள்ளினேன், யானைக்குட்டி படுத்துறங்கும் அளவுக்கு அகன்ற அல்லி இலைகளை அள்ளினேன், அடியில் கிடந்த பாசிக்கொடிகளையும் வேரோடு வாரினேன். பச்சை என்றாலே பகை என்று பாய்ந்தேன். தண்ணீர் கண்ணாடியாய் மின்னியது. நீங்களும் கைதட்டினீர்கள், இல்லையென்று சொல்ல முடியுமா? அதற்குத்தான் இன்று இந்தக் கேடயம்.

கண்ணாடி எத்தனை நாள் கண்ணாடியாக இருந்தது? வெயில் ஏறியது. சேற்றின் சத்தை உறிஞ்சச் செடி இல்லை. அந்தச் சத்தில் நுண்பாசி பொங்கி, பச்சைப் பெயின்டைக் கரைத்துவிட்டாற்போல் ஆனது ஏரி. அந்த நாற்றத்துக்குப் பயந்து சன்னலைச் சாத்திவிட்டுத்தானே விழா நடத்துகிறோம்?

என் தங்கையின் கணவர் அந்த ஏரியில் வலை வீசிப் பிழைப்பவர். போன வாரம் அவர் வலையில் சிக்கியது ஒற்றைச் செருப்பு. அதை என் வாசலில் கொண்டுவந்து வைத்தார்.

“மச்சான், இன்னிக்கு இதான் மாட்டுச்சு. உங்க அளவுதான், போட்டுப் பாருங்க.”

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். வாய்ச்சண்டையில் என்னை வென்றவர் இல்லை. அன்றைக்கோ அந்தச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே நடந்தேன், ஐயா.

பிறகு படகில் ஏற்றி, ஏரிக்குள் ஆறு நுழையும் வளைவுக்குக் கூட்டிப்போனார். என் இயந்திரம் இன்னும் எட்டாத இடம். கரை நனையும் இடத்தில் கோரை. இடுப்பளவு நீரில் அல்லி, சேற்றில் வேரும் மேலே இலையுமாய். ஆழத்தில் தலைகாட்டாத பாசிக்கொடிகள். ஓட்டம் மிகுந்த இடத்திலோ நாடாபோல் நீண்ட இலைகள், நீரோடு சாய்ந்து கிடந்தன. ஒவ்வொன்றும் தன் இடம் அறிந்திருந்தது. அறியாமல் நின்றவன் நான் ஒருவன்தான். கொடிகளுக்கிடையே மீன்குஞ்சுகள். ஆயிரமா, கோடியா? கோடி என்றே வையுங்கள், நான் என்றைக்குக் குறைத்துச் சொல்லியிருக்கிறேன்?

என்ன தம்பி? நாளைக்கு அந்த வளைவு என்னாகும் என்றா கேட்கிறாய்? அதற்குத்தான் வருகிறேன். இரண்டாம் கட்டமாக நாளைக் காலை அதையும் வழிப்பதாக அழைப்பிதழிலேயே அச்சிட்டுவிட்டோம். எந்த முகத்தோடு இறங்குவேன்? அதோ, என் தங்கை கைகளால் முகத்தை மூடிக்கொண்டிருக்கிறாள். வெட்கப்பட வேண்டியவள் அவளா?

தலைவர் அவர்களே, இதோ இயந்திரத்தின் சாவி. மேசைமேல் வைக்கிறேன். கேடயமும் அதன் பக்கத்திலேயே இருக்கட்டும். வளைவைத் தொடாதீர்கள். அங்கிருந்து கிழங்கும் வேரும் கொஞ்சம் எடுத்து, கரைக்கு உரியதைக் கரையிலும் ஆழத்துக்கு உரியதை ஆழத்திலும் நட அனுமதி கொடுங்கள். மாப்பிள்ளை படகு தருகிறார். சேற்றில் முதலில் இறங்குபவன் நான். நீச்சலில் நான் புலி என்று சொல்லியிருக்கிறேன். அதை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, கோரை நடும் ஓரத்தை எனக்கு ஒதுக்குங்கள்.

தம்பி, அந்தச் சன்னல்களைத் திறந்துவிடு. எல்லோரும் ஒருமுறை முகர்ந்துவிட்டே கலைவோம். இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. தலை நிமிராமலே ஒரு வணக்கம்.