எட்டாவது கை

மணி அலறியபோது நாங்கள் யாரும் ஓடவில்லை. நாணயச்சாலையில் மணி அடித்தால் கதவுகள் பூட்டிக்கொள்ளும். அவரவர் இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும். நானும் நின்றேன். கொட்டாவி வந்தது, அடக்கிக்கொண்டேன்.

விசாரணை அதிகாரி ஐயா, நீங்கள் கூப்பிடாமலே வந்திருக்கிறேன். குற்ற உணர்வு என்று நினைத்துவிடாதீர்கள். தூக்கம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஏழு அண்டை நாடுகள் பொருளாதாரத்தில் கைகோத்து இருபத்தைந்து ஆண்டு. அந்த நினைவு நாணயத்துக்கு அச்சு செதுக்கியவன் நான். ஒன்றையொன்று பற்றிய ஏழு கைகள், வட்டமாக. நான் எட்டு செதுக்கினேன்.

காரணம் சின்னதுதான். அச்சைச் சரிபார்ப்பவர் என் மனைவியின் அண்ணன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். பத்தொன்பது ஆண்டுகளில் என் அச்சு ஒன்றுகூட முதல் தடவையில் தேறியதில்லை. "மாப்ள, இந்த இலையில நரம்பு எங்க? ஆடு மேஞ்சிருச்சா?" என்பார். பட்டறையே சிரிக்கும். என் கல்யாணப் புகைப்படத்திலேயே நொட்டை சொன்ன மனிதர்: "மாப்ளைக்கு ஒரு தோள்பட்டை சரிவு."

அவர் ஒரே ஒரு முறை கோட்டை விட வேண்டும். நியாயமான ஆசைதானே?

பூதக்கண்ணாடி வைத்து அரை மணி நேரம் பார்த்தார். வாய் திறக்காமல் கையெழுத்துப் போட்டார். அன்று வீட்டில் சோற்றை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் யாரும் எண்ணிப் பார்க்காவிட்டால் என்ன பயன்? மச்சான் ஓய்வு பெற ஒன்பது நாள் இருந்தது. நாணயம் வெளியான காலையில் பத்திரிகை அலுவலகத்துக்குப் போன் போட்டு, "கைகளை எண்ணிப் பாருங்க" என்று மட்டும் சொன்னேன். அவர்கள் எண்ணிப் பார்த்து நாணயச்சாலையிடம் கேட்டிருக்கிறார்கள்; மதியம் மணி அடித்தது.

செதுக்குபவனுக்குக் கை தவறலாம். தவறைப் பிடிக்கத்தான் மேற்பார்வையாளர். மேலிடம் அப்படித்தான் நினைத்தது. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். அவருக்கு வேலையே போயிற்று. "என் கையெழுத்து, என் தப்பு" என்றாராம்.

நேற்று ஆறுதல் சொல்லப் போனேன். உண்மையில் அவர் முகத்தைப் பார்க்கத்தான் போனேன். மேசைமேல் அந்த நாணயம், பக்கத்தில் பூதக்கண்ணாடி. நிமிராமலே பேசினார்:

"எட்டுன்னு அன்னைக்கே எண்ணிட்டேன், மாப்ள. அழிக்கச் சொல்ல மனசு வரல, உன் வேலையில இது ஒண்ணுதான் உருப்படி. கட்டைவிரல் நகம் மட்டும் கொஞ்சம் கோணல்."