வெல்டனோட மூணாவது ஆள்

எங்கப்பாவைத்தான்க்கா. நெஜாத் ஹஜியோமெரோவிச்சுங்கிற எங்கப்பாவை, வெறும் பேரைப் பாத்துக் கவுத்து விட்டுச்சு இந்த ஊரு. சேச்சே, அவர் மேல கேஸெல்லாம் இல்ல. நாங்க போடணும்னா யார் மேல போடுறது, ஊரு மேலயா? இல்ல, நீங்க உக்காருங்க. எனக்குக் கால் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. இப்பதான் அவரை உள்ள கூப்பிட்டாங்க. ஜட்ஜ் முன்னாடி என்ன சொல்லி வைக்கப் போறாரோ.

போன தடவை, கட்சிக்குள்ள வேட்பாளரைப் பொறுக்குற தேர்தல், அதான் பிரைமரி, அதுல நீங்க ஓட்டுப் போட்டீங்களா? எந்தத் தொகுதி? ஆத்துக்கு அந்தப் பக்கமா? அப்பச் சரி, நீங்க தப்பிச்சீங்க.

ஓட்டுச் சீட்டுல மேல ஜனாதிபதிக்கு யாருன்னு ஒரு கேள்வி இருக்குமே, அது நம்ம மாநிலத்துல சும்மா அலங்காரம்க்கா. காலேஜ்ல இதைத்தான் படிக்கிறேன், அதனால சொல்றேன். கட்சி மாநாட்டுக்குப் போய் நெஜமா வேட்பாளரை முடிவு பண்ணக் கையைத் தூக்குற பிரதிநிதிங்க பேரு கீழ தனியா இருக்கும். ஒவ்வொரு பேருக்கும் அடியில, ஜனாதிபதிக்கு மோதுற ரெண்டு பேர்ல இவர் வெல்டன் ஆளு, இவர் ஹார்ட்லி ஆளுன்னு பொடி எழுத்துல போட்டிருக்கும். எங்க தொகுதிக்கு மூணு இடம். வெல்டனைப் பிடிச்சிருந்தா வெல்டன் ஆளு மூணு பேருக்கும் வட்டத்தைக் கறுப்பாக்கிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதானே? இதுல என்ன கஷ்டம்? சொல்லுங்க.

டாம் ரீட், கார்ல் பெக், எங்கப்பா. இவங்கதான் அந்த மூணு பேரு. டாம் ரீட் அந்தக் குளிர்காலம் பூரா ஃப்ளோரிடாவுல மீன் பிடிச்சிட்டிருந்தாரு. கார்ல் பெக் தேர்தல்ல நிக்கிறது அவர் பொண்டாட்டிக்கே பேப்பரைப் பாத்துத்தான் தெரியும். எங்கப்பா? லாரியை விட்டு எறங்கின சூட்டோட, முழங்கால் பனியில, தெருத் தெருவா. ஆஸ்பத்திரியை மூடப் போறாங்க, வெல்டன்தான் தடுப்பாருன்னு வீடு வீடா மூச்சு முட்டப் பேசுவாரு. நெஜாத்தைச் சுருக்கி எல்லாரும் வாய் நிறைய நெட், நெட்டுன்னாங்க. எதுத்த வீட்டு டாரத்தி ஆப்பிள் பை சுட்டுக் குடுத்து, இந்த முட்டி வலியை வச்சுக்கிட்டு ஏன்யா அலையுறன்னு திட்டுனா.

முடிவு என்னாச்சு தெரியுமா? மேல வெல்டன் ஜம்முனு முதல்ல வந்தாரு. ரீட் ஜெயிச்சாரு, பெக் ஜெயிச்சாரு. மூணாவது இடம் யாருக்கு? ஹார்ட்லி ஆளு கிராண்ட் மில்லருக்கு! வெல்டனுக்குன்னு போன கையே எங்கப்பா பேரைக் கண்டதும் தாண்டிக் குதிச்சு, எதிராளிக்கு ஒரு பிரதிநிதியைச் சும்மா தூக்கிக் குடுத்துட்டு வந்திருக்கு. சிரிக்காதீங்கக்கா, எனக்கு இன்னும் பத்திக்கிட்டு வருது.

டாரத்தியை நேராவே கேட்டேன். அவ சொல்றா, மூணாவதா ஏதோ வெளிநாட்டுப் பேரு இருந்துச்சு கண்ணு, யாரோ என்னமோன்னு விட்டுட்டேன், அது நம்ம நெட்டா? அப்படியே வாயைப் பொத்திக்கிட்டு அழறா. அழறவகிட்ட என்னத்தைச் சண்டை போட?

எங்கப்பாவுக்குக் கோவமே வரல. அதான் எனக்குத் தாங்கல. வெல்டன் ஆபீசுக்குப் போன் போட்டு, என்னால உங்களுக்கு ஒரு ஆள் குறைஞ்சு போச்சு, மன்னிச்சுக்குங்கன்றாரு! யாரு யார்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு நான் கத்தினேன். நீ சாப்பிடுன்னாரு.

எங்கப்பா நாடு போஸ்னியாவுல சண்டை நடந்தப்ப, முஸ்லிம் பேரான்னு கேட்டுக் கேட்டுத்தான் பஸ்ஸை விட்டு எறக்குனாங்களாம். ஆமாக்கா, எறங்குனவர்தான் எங்கப்பா. அன்னிக்குக் கூட வேற பேரைச் சொல்லல.

இதோ வெல்டன் மறுபடி நிக்கிறாரு. உள்ளூர்க் கட்சித் தலைவர் டக் வீட்டுக்கே வந்துட்டாரு. அந்தா, கதவுக் கண்ணாடி வழியாப் பாருங்க, உள்ள சிவப்பு டை கட்டியிருக்காரே, அவர்தான். வேட்பு மனு குடுக்க இன்னும் நாள் இருக்கு நெட், இந்தத் தடவை நம்ம ஆளு மூணு பேரும் மாநாட்டுக்குப் போயாகணும்னு ஒரே பிடியா நின்னாரு. நான் வாதாடிப் பாத்தேன், தொண்டை போனதுதான் மிச்சம். அப்பா பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுட்டாரு.

நீங்க விவாகரத்துக்கப்புறம் பழைய பேரைத் திருப்பி வாங்க வந்தேன்னீங்கள்ல? எங்கப்பா அவரோடதைக் குடுத்துட்டுப் போக வந்திருக்காரு. நெட் ஹாரிஸ்னு ஆகப் போறாராம். டக் கையெழுத்து வாங்குனது இதுக்குத்தான்.

இருங்க, கதவு லேசாத் திறந்திருக்கு. கேக்குதா? சத்தியம் வாங்கிட்டாங்க. கடன்காரங்களுக்கு ஒளியறதுக்கான்னு ஜட்ஜம்மா கேக்குறாங்க. இல்லைன்னுட்டாரு. போலீஸ் தேடுதான்னு கேக்குறாங்க. அதுக்கும் இல்லை. எல்லாத்துக்கும் இல்லைன்னு சொல்லச் சொல்லித்தான் டக் கூட்டிட்டு வந்திருக்காரு. இன்னும் ஒண்ணுதான் பாக்கி போல. யாரையாவது ஏமாத்துறதுக்காகப் பேரை மாத்துறீங்களான்னு கேக்குறாங்க. எல்லார்கிட்டயும் கேக்குற கேள்விதான், உங்களையும் கேப்பாங்க.

அப்பா ஜட்ஜம்மாவையே பாக்குறாரு. டக் இல்லைன்னு சொல்லச் சொல்லித் தலையை ஆட்டு ஆட்டுன்னு ஆட்டுறாரு. அப்பா அந்தப் பக்கம் திரும்பவே இல்ல.

ஆமாங்கம்மான்னு சொல்றாருக்கா. ஓட்டுப் போடுறவங்களைன்னு சொல்றாரு.