பதினாறுல நாலு

இல்லக்கா, பரவால்ல, அந்தப் பேப்பரையெல்லாம் எடுக்காதீங்க. அடுக்கி வெச்சிருக்கீங்க, கலைஞ்சுடப் போகுது. நான் இந்த நாற்காலிலயே உக்காந்துக்கறேன். சார் வர எவ்ளோ நேரமாகும்? அரை மணியா? ஒண்ணும் அவசரமில்ல, இருந்து பார்த்துட்டே போறேன். ஐயையோ, போன்லாம் பண்ணாதீங்க. நேர்லதான் பேசணும்னு வந்திருக்கேன்.

தண்ணி போதும்கா. டீயெல்லாம் அவர் வந்ததும் பார்த்துக்கலாம்.

நான் அவரோட பழைய ஆபீஸ். ஆஸ்பத்திரில கம்ப்யூட்டர் செக்‌ஷன். சார் உக்காந்திருந்த சீட்ல இப்ப நான்தான் உக்காந்திருக்கேன். அட, அப்படிப் பார்க்காதீங்க. அவர் போனப்புறம் சும்மா கெடந்துச்சு, கையில கெடைச்சவனைப் பிடிச்சு உக்கார வெச்சுட்டாங்க.

ஆபீஸ்ல அவருக்கு என்ன பேருன்னு தெரியுமா உங்களுக்கு? பிளாஸ்க் சார். சொன்னதே இல்லையா? எங்க போனாலும் கக்கத்துல அந்தப் பச்சை பிளாஸ்க்கு. மீட்டிங்குக்கு வந்தாலும் பிளாஸ்க்கு, லேபுக்குப் போனாலும் பிளாஸ்க்கு. ஒரு நாள் லிஃப்டுல வெச்சுட்டு எறங்கிட்டாரு. அது பாட்டுக்கு மேலயும் கீழயும் போயிட்டு இருக்கு, இவர் ஒவ்வொரு மாடியா என் பிளாஸ்க்கைப் பார்த்தீங்களான்னு கேட்டுக்கிட்டே படியேறுறாரு. அந்த நேரம் ஆபரேஷனுக்குப் போற பேஷண்ட் ஒருத்தர் ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கிட்டே, சார் அது ரெண்டாவது மாடில எறங்கிடுச்சுங்கறாரு.

அப்பாடா, சிரிச்சீங்களே. நான் உள்ள வர்றப்போ உங்க முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் பயந்துட்டேன்.

என்ன திருத்தறீங்க, கணக்கா? நெனச்சேன். செவப்புப் பேனா இவ்ளோ கோவமா ஓடுதேன்னு.

அப்படியா? வேலை பிடிக்கல, விட்டுட்டேன்னு மட்டும்தான் சொன்னாரா? வேற ஒண்ணுமே சொல்லலையா? ம்.

சரி, நானே சொல்றேன். கம்ப்யூட்டர் சமாச்சாரம்தான், ஆனா உங்களுக்குப் புரியும். புரியலைன்னா கையைத் தூக்குங்க.

போன வருஷம் எங்க லேப் சிஸ்டத்தைப் புது சர்வருக்கு மாத்துனோம். ரத்தம் எடுக்கறாங்கல்ல, அந்த ரிசல்ட் எல்லாம் ஒரு டேட்டாபேஸ்ல போய் உக்காரும். மேல வார்டுல டாக்டர் பேரைத் தட்டுனா ரிப்போர்ட் வரணும். மாத்துனதுலேருந்து தினமும் காலைல எட்டுலேருந்து பத்து வரைக்கும் வரவே வராது. அந்த வட்டம் சுத்தும் பாருங்க, அது சுத்திக்கிட்டே இருக்கும். பத்து மணிக்கு மேல எல்லாம் சரியாயிடும். காலைலதானே மொத்த ஆஸ்பத்திரியும் ரிப்போர்ட் பார்க்கும், அதான்.

ஒரு சர்ஜன் இருக்காரு, கத்தி டாக்டர்னு பேரு. கத்தி பிடிக்கறதாலயா, கத்துறதாலயான்னு இதுவரைக்கும் யாரும் முடிவு பண்ணல. அவர் காலைல போன் பண்ணா ரிசீவரை மேஜை மேல வெச்சாலே போதும், நாலு பேருக்குக் கேக்கும். அதெல்லாம் கூடத் தாங்கிக்கலாம்கா. ஒரு நாள் ரிசல்ட் வரலன்னு ஒரு அம்மாவுக்கு ரெண்டாவது தடவையா ரத்தம் எடுத்துட்டாங்க. எழுபது வயசு, நரம்பே கெடைக்காத கை. சார் அன்னிக்கு லேப் ஜன்னல்கிட்டதான் நின்னுக்கிட்டு இருந்தாரு. வந்து உக்காந்தவர் சாயந்தரம் வரைக்கும் பிளாஸ்க்கைத் தொறக்கவே இல்ல.

ஆமா, டேட்டாபேஸ் சாரோட பொறுப்பு. அதனால பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

என்னென்னவோ பண்ணாரு. புரோகிராம் கேக்கற கேள்வி ஒவ்வொண்ணையும் எடுத்துத் திருத்தி எழுதினாரு. கையில வாட்ச்சை வெச்சுக்கிட்டு, எந்த ஸ்க்ரீன் எத்தனை செகண்டுன்னு நோட்டுல குறிச்சாரு. கொஞ்சம் தேறுச்சு, அவ்வளவுதான். அப்புறம் ஒரு நாள் ஒண்ணைக் கண்டுபிடிச்சாரு. அந்த சர்வருக்குப் பதினாறு பிராசஸர் கொடுத்திருந்தோம். பிராசஸர்னா வேலை செய்யற ஆளுன்னு வெச்சுக்கங்களேன். பதினாறு பேர்ல நாலு பேர் மூச்சு முட்ட வேலை பார்க்கறான், மிச்சம் பன்னெண்டு பேர் கையைக் கட்டிக்கிட்டு நிக்கறான்.

அதேதான். ஏன் நிக்கறான்? அதைத்தான் அவரும் கேட்டாரு.

யார்கிட்ட கேக்கணும்னா, சர்வர்காரன்கிட்ட. எங்க செக்‌ஷன்ல ரெண்டு பக்கம் இருக்குக்கா. டேட்டாபேஸ் ஒரு பக்கம், சர்வர் ஒரு பக்கம். அந்த சர்வர்ங்கறது தனிப் பெட்டி கெடையாது. பெரிய பெட்டி ஒண்ணு இருக்கும், அதுக்குள்ள பத்துப் பதினஞ்சு சர்வரை சாஃப்ட்வேராலயே தடுத்து வெச்சிருப்பாங்க. ஹாலைத் தட்டி வெச்சு ரூம் ரூமாப் பிரிப்பாங்கல்ல, அந்த மாதிரி. தடுக்கறதும் பிராசஸரைப் பங்கு போட்டுக் கொடுக்கறதும் சர்வர்காரன் வேலை. அந்தப் பக்கம் சாருக்குத் தொறக்காது, பாஸ்வேர்டு கெடையாது.

சார் போய்க் கேட்டாரு. தம்பி, பன்னெண்டு பிராசஸர் சும்மா இருக்கற மாதிரி தெரியுது, உங்க பக்கம் கொஞ்சம் பாருங்கன்னாரு. நல்லா மரியாதையாத்தான் கேட்டாரு. அவன் தன்னோட ஸ்க்ரீனைத் திருப்பிக் காட்டினான். பாருங்க சார், மொத்த உபயோகமே இருபத்தஞ்சு சதவீதம். முக்கால் பஸ் காலியா ஓடுது, நீங்க எடம் இல்லங்கறீங்க. உங்க கேள்வியை ஒழுங்கா எழுதுங்க சார்னு சொல்லிட்டான்.

பக்கத்துல நாலு பேர் சிரிச்சாங்க. நல்ல வசனம் பாருங்க, அவனுக்கே ரொம்பப் பிடிச்சுப் போச்சு. அப்புறம் ஒரு வாரத்துக்கு கேன்டீன்ல அதையே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான்.

இருபத்தஞ்சு எப்படின்னா... நீங்களே சொல்லுங்க. பதினாறு பசங்க. நாலு பேர் நூத்துக்கு நூறு. பன்னெண்டு பேர் முட்டை. சராசரி?

பாருங்க! பேனாவே எடுக்கல நீங்க. அரை நிமிஷம் கூட ஆகல. அந்த மடையனுக்கு எட்டு மாசம் ஆச்சு.

சார் விடல. மூணு தடவை போனாரு. மூணாவது தடவை ஒரு தாளை எடுத்துக்கிட்டுப் போனாரு. பென்சில்ல பதினாறு கட்டம் போட்டு, நாலு கட்டத்தை மட்டும் கறுப்படிச்சு, கீழ, இவங்க ஏன் எந்திரிக்க மாட்டேங்கறாங்க?ன்னு எழுதியிருந்தாரு. அவன் போன்ல பேசிக்கிட்டே தாளை வாங்கி ஒரு பார்வை பார்த்துட்டு, பார்க்கறேன் சார்னு திருப்பிக் கொடுத்துட்டான். பார்க்கல.

அப்புறம்தான் அந்த மீட்டிங். ஆஸ்பத்திரி சூப்பரண்டு, எங்க மேனேஜர், கத்தி டாக்டர் எல்லாரும். சர்வர்காரன் பெரிய திரையில இருபத்தஞ்சு சதவீதத்தைப் போட்டான். பச்சைக் கோடு, அழகா அலையலையா. இதுக்கு மேல மெஷின்ல ஒண்ணும் இல்ல, குறை டேட்டாபேஸ் பக்கம்தான்னான். எல்லாரும் சாரைப் பார்த்தாங்க. அவர் சட்டைப் பையிலேருந்து அந்தத் தாளை எடுத்தாரு, பிரிச்சாரு. மேனேஜர், சார் காயிதத்தை வெச்சு என்ன பண்ணப் போறீங்கன்னாரு. அவர் திருப்பி மடிச்சு உள்ள வெச்சுக்கிட்டாரு.

நானும் இருந்தேன்கா அங்க. ஆமா. இல்ல, நான் எதுவும்... அவருக்காக யாருமே வாயைத் தொறக்கல.

அதுக்கு அடுத்த வாரம் அவரே ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டுப் போற மாதிரி பண்ணிட்டாங்க. உங்ககிட்ட வேலை பிடிக்கலன்னு சொன்னாருல்ல, அது இதுதான்.

இப்ப மச்சான் கடையிலயா? டைல்ஸ் கடையா? ஸ்டாக் எழுதறாரா. சரி சரி. வீட்ல லேப்டாப்பு? தொறக்கறதே இல்லையா? மூளை துருப்பிடிச்சுப் போச்சுன்னா சொல்றாரு?

...இல்லக்கா, ஒண்ணுமில்ல. கண்ணுல ஏதோ தூசி. ஃபேன் வேகமா சுத்துதா, அதான்.

மிச்சத்தையும் சொல்லிடறேன். அந்த சீட்ல நான் வந்து உக்காந்தேன். முதல் ரெண்டு வாரம் நானும் அவர் பண்ணதையேதான் பண்ணேன், அவர் அளவுக்குப் பண்ணத் தெரியாமப் பண்ணேன். கத்தி டாக்டர் என் காதுல கத்த ஆரம்பிச்சாரு. அப்பத்தான் டிராயரைச் சுத்தம் பண்ணேன், அவர் விட்டுட்டுப் போன அந்தத் தாள் கெடைச்சுது. பதினாறு கட்டம். சரி, ஒரு தடவை பார்த்துத்தான் தொலைப்போமேன்னு ஸ்க்ரீன்ல ஒவ்வொரு பிராசஸரையும் தனித்தனியாப் பிரிச்சுப் போட்டேன். அவர் கறுப்படிச்ச அதே நாலு, உச்சில ஒட்டிக்கிட்டு நிக்குது. மிச்சமெல்லாம் தரையில படுத்துக் கெடக்கு.

டேட்டாபேஸ் எழுந்திருக்கும்போதே ஒரு டைரி எழுதும்கா. நூத்துக்கணக்கான வரி, யாரும் படிக்க மாட்டோம். அதை முதல்லேருந்து படிச்சேன். அதுல ஒரே ஒரு வரி. பதினாறு சாக்கெட்டு பார்த்தேன், ஒண்ணுக்கு ஒரு பிராசஸர், என் லைசென்ஸ்படி நாலைத்தான் எடுத்துக்கறேன்னு.

சொல்றேன், சொல்றேன். சர்வரை உருவாக்கும்போது பதினாறு பிராசஸரை எப்படிக் கட்டிக் கொடுக்கறதுன்னு கேக்கும். எட்டெட்டா ரெண்டு கட்டாக் கட்டலாம். ஒவ்வொண்ணாப் பதினாறு கட்டாவும் கட்டலாம். அந்தக் கட்டுக்குத்தான் சாக்கெட்டுன்னு பேரு. நாங்க வாங்கியிருக்கற டேட்டாபேஸ், நாலு கட்டுக்கு மேல பிரிக்காது. ஒவ்வொண்ணாக் கட்டி வெச்சிருந்தா? நாலு கட்டைப் பிரிச்சா நாலு ஆளு. அவ்வளவுதான் விஷயம். உருவாக்குனவன் அந்த எடத்துல வந்ததை வந்தபடி விட்டுட்டு அடுத்து, அடுத்துன்னு தட்டிட்டுப் போயிட்டான். சார் கேட்ட கேள்வி சரிக்கா. திருத்த வேண்டிய எடம்தான் அவருக்குப் பூட்டின ரூமுக்குள்ள இருந்துச்சு.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு சர்வரை நிறுத்தினேன். ரெண்டு கட்டு, கட்டுக்கு எட்டுன்னு மாத்தினேன். ஒரே ஒரு எடம்தான். திருப்பிப் போட்டேன். மொத்தம் பத்து நிமிஷம். திங்கக்கிழமை காலைல எட்டு மணிக்கு ஸ்க்ரீனைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருக்கேன். பதினாறும் சேர்ந்தாப்புல எழுந்து நிக்குது. ஒண்ணு கூட முப்பது சதவீதத்தைத் தாண்டல. லேப் பொண்ணு போன் பண்ணி, என்னண்ணே பண்ணீங்க, விரலை எடுக்கறதுக்குள்ள ரிப்போர்ட் வந்துடுதுங்குது. கத்தி டாக்டர் எறங்கி வந்து கை கொடுத்தாரு. மெதுவாப் பேசினாருக்கா! அவருக்கு அப்படி ஒரு குரல் இருக்கறதே அன்னிக்குத்தான் தெரியும். மேனேஜர் பாராட்டி எல்லாருக்கும் மெயில் போட்டாரு. ரெண்டே வாரத்துல முடிச்சுட்டான்னு.

சந்தோஷமா? எங்கக்கா. அந்த மெயிலைப் பாதி படிச்சுட்டு மூடிட்டேன்.

என்ன கேட்டீங்க? அந்த சர்வர்காரனா? அவன் என்ன சொன்னான்னா...

இதோ உங்க வீட்டு நாற்காலில உக்காந்து தண்ணி குடிச்சுக்கிட்டு இருக்கான்.

ஆமாக்கா. நான்தான். அடுத்த ரூம்லேருந்து சாரோட சீட்டுக்கு மாத்தினாங்க என்னை. அந்த சர்வரை உருவாக்குனதும் நான்தான், பஸ் வசனமும் என்னுதுதான். யார் உருவாக்குனதுன்னு அதுல ஒரு வரி இருக்கும், என் பேரும் தேதியும் போட்டு. மாத்தி முடிச்சதும் அதைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

மேனேஜர்கிட்ட சொன்னேன். விடுப்பா, சரியாயிடுச்சுல்ல, எதுக்குக் கெளர்றேன்னாரு. ஒரு வாரம் விட்டுத்தான் பார்த்தேன். முடியல. இன்னிக்குக் காலைல எல்லாத்தையும் எழுதி, அந்த மீட்டிங்ல இருந்த அத்தனை பேருக்கும் அனுப்பிட்டேன். சாரோட தாளையும் படம் பிடிச்சு சேர்த்து அனுப்பினேன். மேனேஜர் அப்பலேருந்து போன் மேல போன் போட்டுக்கிட்டு இருக்காரு, நான் எடுக்கல. சூப்பரண்டு மட்டும் ஒத்தை வரி பதில் போட்டிருக்காரு, திங்கக்கிழமை ரெண்டு பேரும் என்னை வந்து பாருங்கன்னு. ரெண்டு பேரும்னுதான் போட்டிருக்காரு. எதுக்குன்னு தெரியாது. சாருக்கு வேலை திரும்பக் கெடைக்குமா, எனக்கு இருக்குமா, அதெல்லாம் தெரியாதுக்கா. வேற யார் வாயாலயோ கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடணும்னு வந்தேன்.

திட்டணும்னா திட்டுங்கக்கா.

ம். சரி. அவர்கிட்டயே சொல்றேன். நீங்க சொல்றது நியாயம்தான், உங்ககிட்ட சொல்றது சுலபமா இருந்துச்சு.

கேட் சத்தமா அது? அவரா? இல்ல, நீங்க உக்காருங்கக்கா. நான் போய்க் கதவைத் தொறக்கறேன்.