வினாடிக்கு முப்பத்தெட்டுப் படங்கள்

எங்கள் வீட்டில் சிரிப்புக்குப் பஞ்சமே இருந்ததில்லை, ஐயா. அக்கா, அவள் கணவர், நான் என மூன்று பேரும் பதினொரு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு யாரும் சாப்பிட உட்கார்ந்ததில்லை.

கையடக்க விளையாட்டுக் கருவிகள் செய்யும் நிறுவனத்தில், சோதனைப் பிரிவில் இருக்கிறேன். கருவி உள்ளங்கை அகலம்தான். அதை ஒரு கண்ணாடிக் கூட்டில் செருகி முகத்தில் மாட்டிக்கொண்டால் நீங்கள் பறவை. திரும்புகிற பக்கமெல்லாம் வானம். வினாடிக்கு எழுபத்திரண்டு படங்கள் ஓடும்வரை ஒரு குறையும் இல்லை. ஆனால் அவ்வளவு சின்ன சாமான் எவ்வளவுதான் தாங்கும்? இருபது நிமிடத்தில் கொதிக்க ஆரம்பிக்கும். சூடு தணிய, தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஐம்பது, நாற்பது என்று இறங்கும். அப்போது உங்கள் தலை திரும்பிய பிறகுதான் வானம் திரும்பும். வயிறு அதை மன்னிக்காது.

எதுவரை இறங்கினால் மனிதன் தாங்குவான் என்று எனக்கு ஓர் எண் வேண்டியிருந்தது. அலுவலகத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம்தான் அனுமதி. அதற்குள் கருவி கொதிக்கவே ஆரம்பிக்காது. மேலதிகாரி அம்மாவிடம் முறையிட்டேன்.

"பத்து நிமிஷத்துக்கு மேல ஆடாதீங்கன்னு பெட்டியில அச்சடிச்சிடலாம், விடுப்பா" என்றார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. செய்வதைத் திருந்தச் செய்ய வேண்டும் என்று நினைக்கிறவன் நான்.

மாமா, அதாவது அக்கா கணவர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். நூற்று நாற்பது படி ஏறி, காலுக்குக் கீழே வெறும் காற்றைப் பார்த்தபடி எட்டு மணி நேரம் வேலை. பத்தொன்பது வருடத்தில் ஒருமுறைகூட அவருக்குத் தலை சுற்றியதில்லை. அப்படி ஒரு தலை லேசில் கிடைக்காது.

முதல் நாள் மாட்டிவிட்டதும் சோபாவில் உட்கார்ந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டார். "மாப்ளே, மேகத்துக்குள்ள போறேன்டா" என்றார். அக்கா கரண்டியோடு வந்து நின்றாள். "பறவை கொஞ்சம் கீழ இறங்கினா நல்லாருக்கும். சோறு ஆறுது." மூன்று பேருக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

வேகத்தை என் கைபேசியிலிருந்தே மாற்றும்படி செய்துவைத்திருந்தேன். முதல் வாரம் எழுபத்திரண்டு. அடுத்து அறுபது. ஐம்பதுக்கு இறக்கிய அன்று, சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்றார். அக்கா சமையல் எண்ணெயை மாற்றினாள். நாற்பத்தைந்தில் சுவரைப் பிடித்து நடந்தார். டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து மாத்திரை எழுதினார். வாந்தி எடுக்கும்போதெல்லாம் நெற்றியைத் தாங்கிப் பிடித்தது நான்தான். அக்காவுக்குக்கூட அந்தப் பொறுமை கிடையாது.

ஒருமுறை கேட்டார்: "ஏன் மாப்ளே, இந்தப் பெட்டியாலதான் இருக்குமோ?"

"உலகமே இதை வச்சு ஆடுது மாமா. உங்களுக்கு மட்டும் ஏன் சுத்தணும்? வயசாகுதுல்ல."

"யாருக்குடா வயசு?" என்று மறுபடியும் எடுத்து மாட்டிக்கொண்டார். நான் ஒருநாளும் வற்புறுத்தவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

பிறகு இன்னொன்று தெரிய வேண்டியிருந்தது. கழற்றிய பிறகு மயக்கம் எவ்வளவு நேரம் நிற்கும்? அதைச் சோபாவில் உட்காரவைத்து அளக்க முடியாது. செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குக் கிளம்புமுன், முப்பத்தெட்டில் நாற்பது நிமிடம் ஓட்டினேன். மாமாவின் முகம் வெளுத்திருந்தது.

"இன்னைக்கு லீவு போட்டுடட்டுமா?"

"இதுக்கெல்லாமா லீவு? கூட வேலை பாக்கறவங்க கேலி பண்ணுவாங்க மாமா."

சிரித்துக்கொண்டே சட்டையை மாட்டினார். நானே வண்டியில் கொண்டுபோய் விட்டேன்.

உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார்கள். இடுப்பெலும்பும் ஒரு காலும்தான். இனி ஏற முடியாதாம். நர்ஸையெல்லாம் சிரிக்கவைத்துக்கொண்டிருக்கிறாராம். நிம்மதியாக இருந்தது.

விழுவார் என்று தெரியுமா என்று கேட்டீர்கள். விழ வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. எத்தனையாவது படியில் தடுமாறுவார் என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. வாசல் காவலாளி சொன்னது சரி, நான் உடனே திரும்பிப் போகவில்லை. கிரேனுக்குக் கீழே நின்று ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டிருந்தேன். அறுபத்து மூன்றில் கை விட்டது. ஐம்பதாவது படியில் இருந்த இரும்பு மேடைதான் தாங்கிக்கொண்டது. அங்கிருந்து "மாப்ளே" என்று கூப்பிட்டார். வேறு யாரையும் கூப்பிடவில்லை. மறந்துவிடக் கூடாதே என்று எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு மேலே ஓடினேன். அத்தனை பேரில் முதலில் ஓடியது நான்தான், ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.